இருவரும் கையெழுத்திட்ட கடிதம்

“அந்தப் பேப்பரை அப்பா திரும்ப வாங்கிட்டு வரட்டும். அப்புறம் நான் ஸ்கூலுக்குப் போறேன்” என்றாள் திவ்யதர்ஷினி.

அதைச் சொன்னது ஒரு வியாழக்கிழமை காலையில். சீருடை போட்டு, இரட்டைப் பின்னல் பின்னி, காலுறையும் மாட்டி, வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்த பிறகு சொன்னாள். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. பையை நாற்காலியில் வைத்துவிட்டு, அறைக்குள் போய் வீட்டு உடைக்கு மாறிக்கொண்டு, ரொட்டியும் காயா ஜாமும் எடுத்துச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆறு பள்ளி நாட்கள் போய்விட்டன. பள்ளியிலிருந்து முதல் எச்சரிக்கைக் கடிதமும் வந்துவிட்டது.

திவ்யாவுக்குப் பதினைந்து வயது. மூன்றாம் படிவம். அவள் அப்பா காளிதாஸ், மலாக்கா பக்கம் புலாவ் செபாங் டவுனிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருக்கும் சுங்கை பெலாடி செம்பனைத் தோட்டத்தில் கண்டக்டர். குலை வெட்டும் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்வை பார்ப்பவர். அம்மா விஜயராணி டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். தோட்டத்துக் குவார்ட்டர்ஸில் மூன்று பேர் மட்டுமே வாழும் அமைதியான வீடு. அந்த அமைதி மகளுக்காக அவர்கள் இருவரும் பார்த்துப் பார்த்து ஏற்படுத்திக்கொண்டது. பிரஷர் குக்கர் இல்லை, கதவை யாரும் அடித்துச் சாத்துவதில்லை, தொலைக்காட்சியின் ஒலி எண் பன்னிரண்டைத் தாண்டுவதில்லை.

அவள் கேட்ட பேப்பர் எது என்று காளிதாஸுக்குத் தெரியும். அது ஏன் வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

பள்ளி கேண்டீனில் சிராப் என்னும் இனிப்புத் தண்ணீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிறு கட்டி, ஸ்ட்ரா போட்டுத் தருவார்கள். குடித்து முடித்ததும் சில பையன்கள் அதை ஊதி, வாயைத் திருகி, ஓங்கி அறைவார்கள். பட்டாசு மாதிரி வெடிக்கும். மற்ற பிள்ளைகள் திடுக்கிட்டுத் திரும்பி, ஏதாவது திட்டிவிட்டுச் சிரிப்பார்கள். திவ்யாவுக்கு அந்தச் சத்தம் காதோடு நிற்பதில்லை. உடம்பு முழுக்க வெடிக்கும். அவளுடைய வகுப்பில் படிக்கும் கோகுலராஜ் அதைக் கண்டுபிடித்துவிட்டான். ஒரு நாள் அவள் காதுக்குப் பின்னால் பையை வைத்து அறைந்தான். அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். அலறிக்கொண்டே கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை வீசினாள். அது அவன் புருவத்தில் பட்டு இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று.

மாணவர் விவகாரத்தைக் கவனிக்கும் துணைத் தலைமையாசிரியர் கொர்னேலியஸ், காளிதாஸோடு ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு, மலாயில் தட்டச்சு செய்த ஒரு உறுதிமொழிக் கடிதத்தை நீட்டினார். ‘நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்தோம். இனிமேல் கத்தவோ, கை ஓங்கவோ, பள்ளியின் அமைதியைக் கெடுக்கவோ மாட்டோம்.’ கீழே இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு தகப்பன்மார்களுக்கும் கோடு போட்டிருந்தது.

திவ்யா அதை இரண்டு தடவை படித்தாள்.

“ப்பா, இதுல நான் தொந்தரவு பண்ணேன்னு இருக்கு. நான் பண்ணல.”

“சும்மா ஒரு பேப்பர்தான்மா. போட்டுடு” என்றார் காளிதாஸ். முதலில் அவரே போட்டுக் காட்டினார். அப்பா போட்டதால் அவளும் போட்டாள்.

அவருக்கு அதில் தவறாக எதுவும் தோன்றவில்லை. தோட்டத்தில் பதினான்கு வருடமாக அவர் சண்டைகளைத் தீர்ப்பதே அப்படித்தான். இந்தோனேசியக்காரனும் பங்களாதேஷ்காரனும் அடித்துக்கொண்டாலும் சரி, நம் ஆட்களே முட்டிக்கொண்டாலும் சரி, ஆபீஸுக்குக் கூப்பிட்டு, நீளப் புத்தகத்தில் எழுதி, இருவரையும் கையெழுத்துப் போட வைத்து, கைகுலுக்கச் சொல்லி, தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். நியாயம் கேட்டால் ஒருவன் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போய்விடுவான். கையெழுத்துக் கேட்டால் இருவருமே மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு வந்து நிற்பார்கள். இன்னொன்றும் இருந்தது. கோகுலராஜின் அப்பா சுப்பன், காளிதாஸுக்குக் கீழே கூலியாட்களைக் கவனிக்கும் மண்டோர். கண்டக்டர் தன் மகளுக்காக மண்டோர் மகனை மாட்டிவிட்டார் என்ற பேச்சு தோட்டத்து டிவிஷனில் வரக்கூடாது என்று அவர் நினைத்தார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் பார்த்தது சுப்பனின் முகத்தைத்தான், மகளின் முகத்தை அல்ல.

ஏழாவது பள்ளி நாளான திங்கட்கிழமை மாலையில் விஜயராணி வேலையிலிருந்து வந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். திவ்யாவின் பள்ளிச் சீருடையான பாஜு குரோங்கின் மேல்சட்டை ஒன்றை எடுத்தபோது இடது கைப் பகுதியில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தன. இன்னொன்றைப் பார்த்தாள். அதிலும் அதே இடம். குட்டைக்கைச் சட்டையும் பினஃபோரும் போதும் என்று இருந்த மகள் போன மாதம் தானாகவே நீளக்கை பாஜு குரோங் கேட்டதும், பெரிய பெண்ணாகிவிட்டாள் என்று தான் சந்தோஷப்பட்டு மூன்று செட் தைத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

“திவ்யா, இங்க வா கண்ணு. கையக் காட்டு.”

திவ்யா வந்து காட்டினாள். முழங்கைக்குக் கீழே பல் பதிந்த தழும்புகள், பழையதும் புதியதுமாக.

“யாருடி கடிச்சா?”

“நான்தான்.”

“ஏம்மா?”

“கத்தக்கூடாதுன்னு சைன் பண்ணியிருக்கேன். கோகுல் பையை வெடிச்சா கத்தல் வரும். கடிச்சா வராது. துணி மேல கடிச்சா ரத்தமும் வராது” என்றாள், சட்னி அரைக்கும் முறையைச் சொல்வதுபோல. “கடைசியா ஸ்கூலுக்குப் போன புதன்கிழமை வாயில இருந்து கை நழுவிடுச்சு. அடுத்த தடவை கத்திடுவேன்னு தெரிஞ்சுது. அதனாலதான் போகல.”

விஜயராணி அந்தச் சட்டையை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

காளிதாஸ் வீட்டுக்கு வந்து பின்பக்கக் குழாயடியில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவள் அந்தச் சட்டையை அவர் முன்னால் நீட்டினாள். மகள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள்தான் குனிந்து மூடினாள்.

“திட்டு ராணி” என்றார் அவர்.

“திட்டி என்ன ஆகப்போகுது? கல்யாணமாகி பதினாறு வருஷத்துல உங்ககிட்ட ஒன்னே ஒன்னு கேட்டேன். ஆஸ்பத்திரி லெட்டரை ஸ்கூல்ல குடுத்துடலாம்னேன். ஆறு வருஷமா அலமாரியில இருக்கு. குடுத்தா பிள்ளைக்குப் பேரு வச்சிடுவாங்கன்னு சொன்னீங்க. இப்ப மட்டும் பேரு வைக்காமயா இருக்காங்க?”

திவ்யாவுக்கு ஒன்பது வயதில் மலாக்காவில் ஒரு மருத்துவர் மூன்று நாள் சோதித்துப் பார்த்து, அஸ்பெர்கர் என்று சொன்னார். இப்போது அதை ஆட்டிசத்தின் ஒரு வகையாகத்தான் எழுதுகிறோம் என்றும் விளக்கினார். புத்தியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சத்தம், கூட்டம், சொன்னதற்கு மாறாக நடப்பது, இவை அவளைப் பலமாகத் தாக்கும். கேலிக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறுவாள். சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்வாள். அந்தக் கடைசி வரியைக் கேட்டு அன்றைக்கு காளிதாஸ் பெருமையாகத் தலையாட்டியிருந்தார்.

மகளின் அறைக் கதவை இரண்டு முறை மெதுவாகத் தட்டிவிட்டு, காளிதாஸ் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“கோகுல் எத்தனை தடவை பண்ணான்மா?”

“சைன் பண்ணதுக்கு அப்புறம் பதினேழு. இருபத்தெட்டு நாள்ல பதினேழு. மழை பேஞ்சா அவன் கேண்டீன் பக்கம் வரமாட்டான்.”

“அப்பாகிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க சைன் பண்ணீங்க. நான் தொந்தரவு பண்ணேன்னு நீங்க நம்புறீங்கன்னு நெனச்சேன். நம்பாம யாரும் சைன் பண்ணமாட்டாங்க.”

“நம்பலம்மா. நம்பாமதான் போட்டேன்.”

திவ்யா அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் சட்டைப் பித்தானைப் பார்த்தாள். “அப்போ அது பொய்.”

“ஆமா. பொய்தான்.”

“ஓகே. அப்போ அதை மாத்தணும்.”

“கோகுலை என்ன பண்ணணும்னு நினைக்கிற?”

“அது எனக்குத் தெரியாது. அவன் பேப்பர் வேற. என் பேப்பர் வேற.”

மறுநாள் காலை ஆறு மணிப் பிரட்டு. ஆபீஸ் முன்னால் ஆட்கள் வரிசையாக நின்று பெயர் கொடுத்து, லோரி ஏறிப் போன பிறகு, காளிதாஸ் சுப்பனைத் தனியாகக் கூப்பிட்டார். சுப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர்.

“மண்டோரண்ணே, இன்னைக்கு ஸ்கூலுக்குப் போறேன். என் கையெழுத்தைத் திரும்ப எடுக்கப் போறேன். உங்ககிட்ட சொல்லாம போகக்கூடாதுன்னுதான்.”

நடந்ததைச் சொன்னார். சுப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“பையன் விளையாட்டுக்குப் பண்ணியிருப்பான் ஐயா.”

“பதினேழு தடவை விளையாட்டுண்ணே.”

“ரெண்டு பக்கமும் சைன் போட்டு முடிச்சதை மறுபடி கிண்டினா எப்படி? முடிஞ்சதை முடிஞ்சதா விடணும்னு நீங்கதானே சொல்லுவீங்க. போன வருஷம் என்னையும் அந்த லோரிக்காரனையும் அப்படித்தானே முடிச்சு விட்டீங்க.” சுப்பன் தொப்பியின் விளிம்பைத் திருகினார். “அவன் என் சட்டையப் புடிச்சான். நான் அவனைத் தொடவே இல்ல ஐயா. ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டோம்னு எழுதினீங்க. நான் போட்டேன். நீங்க சொன்னீங்கன்னு போட்டேன்.”

காளிதாஸ் எதிர்பார்த்தது கோபத்தை. இதை அல்ல. அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டு பேருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போன நாள்.

“அன்னைக்கே ஏண்ணே சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

தூரத்தில் லோரி ஒன்று சரளைக் கல்லில் ஏறிப் போகும் சத்தம் கேட்டது. சுப்பன் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“பையன்கிட்ட நான் கேக்கறேன்.”

“அடிக்காதீங்கண்ணே.”

“அடிக்கல. கேக்கறேன்னுதானே சொன்னேன்.”

பத்து மணிக்கு மூவரும் காரில் பள்ளிக்குப் போனார்கள். காரை வாசல் கேட்டுக்கு வெளியே, மழைமர நிழலில்தான் நிறுத்த வேண்டும் என்று திவ்யா சொல்லிவிட்டாள். கேட்டுக்கு உள்ளே நிறுத்தினால் பள்ளிக்கு வந்ததாக ஆகிவிடும். பேப்பர் இன்னும் மாறவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பின்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கொர்னேலியஸ் தன் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டார். “வா காளி. வாங்க சிஸ்டர். என்ன, பொண்ணு இன்னும் லீவா? நானே போன் பண்ணலாம்னு இருந்தேன் லா.”

“அந்த உறுதிமொழிக் கடிதத்தை ரத்து பண்ணணும் சார்” என்றார் காளிதாஸ். மற்ற இடத்தில் கொர்னேலி என்று கூப்பிடுபவர், அந்த அறையில் சார் என்றுதான் கூப்பிடுவார்.

“அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? சும்மா ஒரு பேப்பர்தானே. ரெண்டு பக்கமும் சமாதானம் ஆகட்டும்னு வாங்கினது. அதைப் பெருசா எடுக்க வேணாம்னு பொண்ணுகிட்ட சொல்லு.”

தன் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தபோது எப்படி இருக்கிறது என்று காளிதாஸ் அப்போதுதான் உணர்ந்தார்.

“நமக்குச் சும்மா பேப்பர் சார். அவளுக்கு அது வாக்கு. ஆறு வாரமா காப்பாத்திட்டு வந்திருக்கா.” கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படத்தை நீட்டினார்.

கொர்னேலியஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். விஜயராணி கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மடிப்பு விழுந்த இடத்தில் தாள் பழுத்துப் போயிருந்தது. அவர் அதை நின்றபடியே படித்து முடித்தார்.

“ஆறு வருஷத்துக்கு முன்னால குடுத்த லெட்டர். ஏன் காளி என்கிட்டகூட சொல்லல?”

“ஸ்பெஷல் கிளாசுக்கு மாத்திடுவீங்கன்னு பயம். ஊர் வாயில விழவேண்டாம்னும்தான்.”

“தெரிஞ்சிருந்தா நான் அந்தக் கடிதத்தை நீட்டியிருக்கவே மாட்டேன்.”

விஜயராணி நிமிர்ந்தாள். லூபோக் சீனா என்ற சிற்றூரில் பிறந்து வளர்ந்தவள். ஆசிரியர்கள் முன்னால் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத வீடு. ஆனாலும் பேசினாள்.

“தப்பா நினைக்காதீங்க சார். தெரியாட்டியும் நீட்டியிருக்கக் கூடாது. பையை வெடிச்சது யாருன்னு முதல்ல கேட்டிருக்கணும். அதைக் கேக்கறதுக்கு டாக்டர் லெட்டர் எதுக்கு சார்?”

கொர்னேலியஸ் ஆஸ்பத்திரிக் கடிதத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். “இருங்க, பெங்கெத்துவாவைப் பாத்துட்டு வர்றேன்” என்று முதல்வர் அறைக்குப் போனார்.

பள்ளி முதல்வர் புவான் நோர்லேலா வந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மலாயில்தான் பேசினார். கோப்பில் சேர்த்த தாளை எடுக்க விதியில் இடமில்லை என்றார். எடுக்க வேண்டாம், அதன்மேல் என் கடிதத்தை வையுங்கள் என்றார் காளிதாஸ். வெற்றுத்தாள் ஒன்று கேட்டு வாங்கி, தோட்ட ஆபீஸில் பதினான்கு வருடமாக அறிக்கை எழுதிப் பழகிய மலாயில் அங்கேயே எழுதினார். தான் உண்மையைக் கேட்காமல் கையெழுத்திட்டதாக எழுதினார். தன் மகள் யாரையும் தொந்தரவு செய்யவில்லை, அவள் காதருகே பல தடவை பை வெடிக்க வைக்கப்பட்டது, கத்தமாட்டேன் என்ற உறுதிமொழி அவளை இனிக் கட்டுப்படுத்தாது என்றும் எழுதினார். போத்தல் வீசியது தவறுதான். அதற்கு மட்டும் அவளும் நானும் மன்னிப்புக் கேட்கிறோம் என்று கடைசியில் சேர்த்தார்.

புவான் நோர்லேலா படித்துவிட்டு முத்திரை குத்தினார். “பிள்ளை இதற்குச் சம்மதிக்கிறாளா?” என்று கேட்டார்.

“கேட்டுக்கு வெளியே கார்ல இருக்கா” என்றாள் விஜயராணி.

யாராவது போய்க் கூட்டி வாருங்கள் என்று அவர் சொல்லுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு, வெயிலில் திடலைக் கடந்து கேட்டுக்கு வெளியே நடந்தார். பின்னால் மற்றவர்களும் நடந்தார்கள். கார் ஜன்னலருகே குனிந்து, “செலாமத் பாகி, திவ்யா. இதைப் படித்துப் பார்த்துச் சொல்” என்று தாளை நீட்டினார்.

திவ்யா படித்தாள். விரலை ஒரு வரியில் வைத்தாள்.

“இங்க ‘பல தடவை’ன்னு இருக்கு. பதினேழு தடவை.”

புவான் நோர்லேலா காரின் கூரைமேல் தாளை வைத்து, ‘பல’ என்பதை அடித்து, பதினேழு என்று எழுதி, பக்கத்தில் சிறு கையொப்பம் இட்டார்.

அப்போது மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. சுப்பன் இறங்கினார். கேட்டுக்கு உள்ளே போய், வகுப்பிலிருந்த மகனை அழைத்துக்கொண்டு வந்தார். கோகுலராஜ் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். புருவத்தில் அந்தத் தையலின் கோடு இன்னும் சிவந்திருந்தது.

“காலையில கேட்டேன் ஐயா. ஒத்துக்கிட்டான். ஆனா பதினேழு இல்லையாம், பதினெட்டாம்” என்றார் சுப்பன், வெட்கத்தோடு.

“ஒன்னு ஓட்டைப் பை” என்று முணுமுணுத்தான் கோகுலராஜ். “வெடிக்கல.”

“வெடிக்காததை நான் எண்ணல” என்றாள் திவ்யா.

கொர்னேலியஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக்கிக்கொண்டார்.

“சாரி” என்றான் கோகுலராஜ் மண்ணைப் பார்த்து. “நீ கத்தாம இருந்ததால... உனக்கு இப்ப பழகிடுச்சுன்னு நெனச்சேன்.”

“பழகல.”

“தெரியாது.”

“இப்ப தெரியுது. எழுதித் தர்றியா?”

“வேணாம்மா, எழுத்தெல்லாம் வேணாம்” என்று காளிதாஸ் அவசரமாகக் குறுக்கிட்டார்.

“இல்ல ஐயா, அவன் எழுதணும்” என்றார் சுப்பன். “செஞ்சவன் எழுதட்டும். அவன் மட்டும்.”

அன்றைக்கு மீதிப் பேச்சும் அந்த மரத்தடியிலேயே நடந்தது. வேண்டுமானால் ரெஹாட் என்னும் இடைவேளை நேரத்தில் திவ்யா நூலகத்தில் உட்காரட்டும் என்று கொர்னேலியஸ் சொல்லிப் பார்த்தார். நூலகத்தில் சாப்பிட நாசி லெமாக் கிடையாது என்று அவள் மறுத்துவிட்டாள். விஜயராணியும் விடவில்லை. தப்பு செய்யாத பிள்ளை எதற்கு இடம் மாற வேண்டும் என்றாள். கடைசியில் இடம் மாறியது பிளாஸ்டிக் பைதான். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கேண்டீனில் குவளையில் மட்டுமே பானம் என்று புவான் நோர்லேலா அங்கேயே முடிவு செய்தார். கோகுலராஜ் ஒரு மாதம் ரெஹாட் நேரத்தில் கொர்னேலியஸின் கண் பார்வையில் உட்கார வேண்டும். திவ்யாவின் ஆசிரியர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படித்துக் கையெழுத்திட வேண்டும்.

“படிச்சிட்டுப் போடணும்” என்றாள் திவ்யா.

“படிச்சிட்டுத்தான்” என்றார் கொர்னேலியஸ்.

பிறகு அவள் புவான் நோர்லேலாவைப் பார்த்து, மலாயில் கேட்டாள்: “நாளைக்கு நான் கத்தலாமா?”

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “கத்தலாம்” என்றார். “நீ கத்தினால் நாங்கள் வருவோம்.”

மறுநாள் அவள் பள்ளிக்குப் போனாள். அதே காலையில் பிரட்டு முடிந்ததும், காளிதாஸ் ஆபீஸிலிருந்த நீளப் புத்தகத்தைத் திறந்து, போன வருடத்துப் பக்கத்தைத் தேடி, சுப்பனின் பெயருக்கு நேரே, அவர் யாரையும் தொடவே இல்லை என்று சிவப்பு மையில் நான்கு வரி எழுதி, அதை உரக்கப் படித்துக் காட்டினார். சுப்பன் கேட்டுவிட்டு, “லோரிக்காரன் வேலைய விட்டுப் போயி எட்டு மாசமாச்சு ஐயா” என்றார். ஆனாலும் அந்தப் பக்கத்தைத் தன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் போனார்.

மூன்று வாரம் கழித்து, காளிதாஸ் பன்னிரண்டாம் பிளாக்கில் வெட்டிய குலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கொர்னேலியஸ்.

“காளி, உன் மக கத்திட்டா.”

காளிதாஸ் எண்ணுவதை நிறுத்தினார். “மறுபடியும் அவனா?”

“இல்ல, இல்ல, கோகுல் என் பக்கத்துலதான் இருந்தான். இது கேண்டீன் மேசை. யாரோ சாய்ஞ்சு உக்காந்து, அப்படியே கவுந்துடுச்சு. தட்டு, குவளை எல்லாம் ஒன்னா விழுந்துச்சு பாரு, எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. கத்தினா லா. ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. ஓடினோம்.”

“இப்ப எப்படி இருக்கா?”

“கிட்டதான் இருக்கா. உன்கிட்ட பேசணுமாம்.”

கைப்பேசி கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு. அவள் எப்போதும் பேசுவதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுத்துக்கொள்வாள்.

“ப்பா, நான் கத்தினேன்.”

“சரிம்மா. கைய…”

“கடிக்கல. கத்தினா கடிக்கத் தேவையில்ல.”

செம்பனை மரத்தின் அடியில், வெட்டிப் போட்ட மட்டைகளின் மேல் காளிதாஸ் உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் நின்ற ஆட்கள் கண்டக்டருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். அவர் கையை அசைத்து ஒன்றுமில்லை என்று காட்டினார்.

“ப்பா, இருக்கீங்களா?”

“இருக்கேன்மா.”

“பதினோரு பேர் வந்தாங்க. கேண்டீன் அக்காவும் கரண்டியோட வந்தாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. அது மேசை விழுந்ததைவிடச் சத்தம். ரெண்டு பேர் வந்தா போதும். நீங்க சார்கிட்ட சொல்றீங்களா?”

“சொல்றேன்மா. இப்பவே சொல்றேன். போனைக் குடு.”

கொர்னேலியஸ் மறுபடி வந்தார். “என்ன சொல்றா?”

காளிதாஸ் எழுந்து நின்றார்.

“சார், ஒரு விஷயம் பேசணும்” என்றார்.